அப்பாவின் தூக்க மருந்து

"பங்குச் சாமியார் வந்து சாவு ஜெபம் சொல்லி முடிச்சதும், அப்பா கண்ணைத் திறந்து காப்பி கேக்கிறார்" என்றாள், ராயப்பேட்டை டிராமில் எனக்கு முன்னால் இருந்த அம்மாள். பக்கத்தில் அவள் தம்பி, கையில் மருந்து பாட்டிலுடன்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்றான் தம்பி.

"உயிர் போகலை, தூக்க மருந்து ஜாஸ்தியாப் போச்சுன்னார். முதியோர் மடத்துல சிஸ்டர்தான் தினம் குடுக்கிறாங்களே, நீ எதுக்குடா குடுத்தே?"

"அவர் தூங்கலைன்னார். நீ குடுக்கலையா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "குடுத்தேன்."

"மூணு பேருமா? சிஸ்டரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டா வேணாம்பாங்க. முழிச்சிருந்தா உங்கம்மா எங்கேன்னு கேக்கிறார்டா. செத்துட்டாங்கன்னு சொன்னா, ஒவ்வொரு தடவையும் புதுசா அழறார். என்னால பார்க்க முடியலை."

தம்பி பாட்டிலை அவள் மடியில் வைத்தான்.

"இதை சிஸ்டர்கிட்ட குடுத்துடு. இனிமே சாயங்காலம் நான் போறேன். அழட்டும், பக்கத்துல உட்கார்ந்துக்கறேன்."