குரங்குக்குப் பொருத்தம்

"சிங்கவால் குரங்குக்கு ஜோடிப் பொருத்தம் பாக்குறேன்க்கா," என்றாள், ஆவடியில் மின்சார ரயில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த பெண். கழுத்தில் அலுவலக அட்டை. எதிரே ஒரு அம்மாள், மடியில் மகளின் கல்யாணப் பத்திரிகைகள்.

"அதுக்கு ஜாதகம் கீதா?" என்று கேட்டார் அம்மாள்.

"மரபணு இருக்கு. மாடு, எலி, மனுஷன் எல்லாத்துலயும் மாறாம இருக்கற ஒரு மரபணு எழுத்து ஒரு குரங்குல மட்டும் மாறியிருந்தா, அங்கதான் கோளாறு. சொந்தத்துல சேர்த்தா ரெண்டு பக்கமும் அதே கோளாறு வந்து குட்டி தங்காமப் போகலாம். அந்த இனமே கொஞ்சந்தான் மிச்சம்."

அம்மாள் பத்திரிகைகளைப் பார்த்தார். "எம் பொண்ண எங்க அண்ணன் பையனுக்குத்தான் குடுக்கறேன்."

அந்தப் பெண் நெளிந்தாள். "எங்க வீட்டுக்காரரும் மாமா பையன்தான்க்கா."

அம்மாள் சிரித்துக்கொண்டே ஒரு பத்திரிகையை நீட்டினார். "ஊட்டுக்காரரையும் இட்டுகினு வா. நீ குரங்குக்கு மட்டுந்தான் புத்தி சொல்லுவே போல கீது."