நேர்மைக் குழுவில் ஒரு திருடன் தேவை

ஜூனியர்: அந்த விசிறிக்காரர் என்னக்கா சொன்னார்?

சீனியர்: கழுத்துப் பயிற்சியாம். டாக்டர் செய்யச் சொன்னாராம்.

ஜூனியர்: ஆன்லைன் பரீட்சை நடக்கும்போதா?

சீனியர்: கேட்டேனே. வலி என்ன நேரம் பார்த்தா வருதுங்கறார்.

ஜூனியர்: தலைக்கு மேல இருந்த விசிறி றெக்கையில பிட் ஒட்டி வச்சிருந்தார்க்கா. கரண்ட் வந்ததும் விசிறி சுத்த ஆரம்பிச்சுது, கூடவே இவர் தலையும் சுத்துச்சு. கடைசியில ஒரு பேப்பர் பறந்து வந்து மடியில விழுதே...

சீனியர்: அது கரண்ட் பில்லாம்.

ஜூனியர்: விசிறியிலேர்ந்தா விழுது பில்லு? சரி, அந்தம்மா? புருஷன் கேமராவுக்குப் பின்னாடி நின்னு ஒவ்வொரு விடையா சொன்னாரே.

சீனியர்: பேசினேன். "எங்க வீட்டுக்காரருக்கு அவ்வளவு அறிவு இருந்தா நான் ஏம்மா பரீட்சை எழுதப் போறேன்"னு கேட்டாங்க. அதோட போனை வச்சுட்டாங்க.

ஜூனியர்: ஒருத்தர் கூட ஒத்துக்கலையா?

சீனியர்: ஒருத்தரும் இல்ல. எல்லாம் உன் ஐடியாதான். "ஒரு குழுவை நேர்மையா எழுதச் சொல்லுவோம், இன்னொரு குழுவைக் காப்பி அடிக்கச் சொல்லுவோம், காப்பியைக் கண்டுபிடிக்கற உங்க சாஃப்ட்வேர் யாரைப் பிடிக்குதுன்னு பார்ப்போம்"னு வந்து உட்கார்ந்தே...

ஜூனியர்: ஐடியா நல்ல ஐடியாதான். ஆளுங்கதான் சரியில்ல. காப்பிக் குழுவுல ஒருத்தன் கையைத் தூக்கி, "மேடம், இப்ப அடிக்கலாமா"ன்னு கேட்டான் பாருங்க...

சீனியர்: அடிங்கப்பா, அடிங்கப்பான்னு கெஞ்சினேன். எல்லாரும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தாங்க. சாஃப்ட்வேர் அத்தனை பேருக்கும் பச்சை போட்டுடுச்சு. விசிறிக்காரர், அந்தம்மா எல்லாரும் இருந்த நேர்மைக் குழு முழுக்கச் சிவப்பு.

ஜூனியர்: நம்மளை யார் சந்தேகப்படப் போறாங்கன்னு ஒரு தைரியம். அப்பா துணிக்கடையிலயும் இதே கதைதான். கேமரா வச்சதும் வாடிக்கையாளர் எல்லாம் உத்தமராயிட்டாங்க. மாட்டிக்கிட்டது எங்க சித்தப்பா.

சீனியர்: சிரிக்காதே. மூணு மணிக்கு என் பிஎச்.டி. கமிட்டி. கைடு அடிச்சுச் சொல்லிட்டாங்க. சிவப்பு விழுந்ததுல ஒரு ஆளாவது "ஆமாம், காப்பி அடிச்சேன்"னு எழுதிக் கொடுக்கணும். இல்லேன்னா சாஃப்ட்வேர் தப்பு, என் அஞ்சு வருஷமும் தப்பு. இனிமே நீட்டிப்பும் கிடையாதாம்.

ஜூனியர்: ஒரு ஆள் போதுமா?

சீனியர்: போதும். ஏன்டா அடிக்கடி சுவரைப் பார்க்கறே?

ஜூனியர்: ஒண்ணுமில்ல... நீங்க சொல்லுங்க.

சீனியர்: தம்பி... ஆராய்ச்சி நெறிமுறைப் பரீட்சை ஞாபகம் இருக்கா? நீ இங்க சேர்ந்த புதுசுல, இதோ இதே சீட்டுல உட்கார்ந்து ஆன்லைன்ல எழுதினியே.

ஜூனியர்: ஆராய்ச்சி பண்றவன் பொய் சொல்லக் கூடாது, யாரையும் ஏமாத்தக் கூடாது... அதுதானே? பாஸ் பண்ணிட்டேனே.

சீனியர்: அன்னிக்கு அந்தக் கம்ப்யூட்டர்ல என் சாஃப்ட்வேர் ஓடிக்கிட்டிருந்தது.

ஜூனியர்: இதே கம்ப்யூட்டர்லயா?

சீனியர்: பரீட்சை முழுக்க இடது பக்கமே பார்த்திருக்கே. செக்கச்செவேல்னு சிவப்பு.

ஜூனியர்: இது உங்களுக்கு எப்பத் தெரியும்?

சீனியர்: அப்பவே தெரியும். ஆத்திர அவசரத்துக்கு உதவும்னு வச்சிருந்தேன். கம்ப்யூட்டருக்கு இடது பக்கம் நான் எழுதின விடைத்தாள் கிடந்துதா இல்லையா?

ஜூனியர்: கிடந்துது.

சீனியர்: அப்புறம் என்ன? உன்னை யாரும் அடிக்கச் சொல்லல. நீயா அடிச்சே. இதைவிட நல்ல சாட்சி எங்க கிடைக்கும்?

ஜூனியர்: என்ன தருவீங்க?

சீனியர்: என்னது?

ஜூனியர்: நான் கொடுக்கப் போறது மானம்க்கா. அதைச் சும்மா கொடுப்பாங்களா?

சீனியர்: கட்டுரையில உன் பேரையும் போடறேன்.

ஜூனியர்: அது எப்படியும் போட்டுத்தான் ஆகணும். இத்தனை வீடியோவையும் உட்கார்ந்து எடுத்தது நான். வேற சொல்லுங்க.

சீனியர்: வீடியோவுல உன் மூஞ்சியை மறைச்சிடறேன்.

ஜூனியர்: அதுவும் விதிதான். நெறிமுறைப் பரீட்சையில நாலாவது கேள்வி.

சீனியர்: அட, காப்பி அடிச்சவன் இவ்வளவு ஞாபகம் வச்சிருக்கியே. சரி, நீயே சொல்லித் தொலை.

ஜூனியர்: உங்க ஜன்னலோர சீட்டு. நான் அங்க, நீங்க இங்க.

சீனியர்: அஞ்சு வருஷமா நான் உட்கார்ந்த சீட்டுடா அது.

ஜூனியர்: அப்ப விசிறிக்காரருக்கே இன்னொரு போன் போட்டுப் பாருங்க.

சீனியர்: கமிட்டி முடியட்டும், தர்றேன்.

ஜூனியர்: இப்பவே.

சீனியர்: உங்கப்பா கடையில துணி எடுத்துட்டு யாராவது சிரிச்ச முகமா வெளிய வந்திருக்காங்களாடா?

ஜூனியர்: எல்லாரும் சிரிச்சிக்கிட்டுத்தான் போவாங்க. வீட்டுக்குப் போய்ப் பிரிச்சுப் பார்க்கற வரைக்கும்.

சீனியர்: எடுத்துத் தொலை. முதல்ல எழுது. "நெறிமுறைப் பரீட்சையில் நான் காப்பி அடித்தேன். யாரும் தூண்டவில்லை." கைடுக்கு அனுப்பு.

ஜூனியர்: எழுதியாச்சு... அனுப்பியாச்சு. எழுந்திருங்க.

சீனியர்: இரு, பையை எடுத்துக்கறேன்... அப்பாடா. இங்கயும் காத்து வரத்தான் செய்யுது. தம்பி, இனிமே சொன்னா என்ன, கோவிச்சுக்காதே. அந்த விடைத்தாளை நான் மறந்து வைக்கல. வேணும்னே வச்சேன். புதுசா சேர்ந்த எல்லாருக்கும் வச்சுப் பார்த்தேன். மாட்டினது நீ ஒருத்தன்தான்.

ஜூனியர்: தெரியும்க்கா.

சீனியர்: என்ன தெரியும்?

ஜூனியர்: உங்க கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அந்தத் தாள்ல மட்டும் முத்து முத்தா இருந்துது. பொறின்னு தெரிஞ்சுதான் தொடவே இல்ல. நான் படிச்சதைத்தான் எழுதினேன்.

சீனியர்: புளுகாதே. அப்புறம் எதுக்குடா பரீட்சை முழுக்க இடது பக்கமே பார்த்தே?

ஜூனியர்: தாள் மேல ஒரு பல்லி வந்து உட்கார்ந்துக்கிச்சு. எனக்குப் பல்லின்னா உயிரே போயிடும். அது இன்னும் இந்தச் சுவர்லதான் குடித்தனம் பண்ணுது... இப்ப உங்க தலைக்கு நேர் மேல.

சீனியர்: அடப்பாவி... காப்பி அடிச்சேன்னு கைடுக்கு எழுதிக் கொடுத்துட்டியேடா.

ஜூனியர்: நீங்க விலை பேசினது ஒப்புதலுக்குத்தானேக்கா. காப்பியும் சேர்த்து வேணும்னு கேக்கவே இல்லையே.