நிலாவுக்கு ஒரு கோடு, சினேகாவுக்கு ஒரு கோடு

செம்பருத்தி நகர்க் குடியிருப்போர் நலச்சங்கத்தை ஆறு ஆண்டுகளாகத் தோளில் சுமந்துவரும் தலைவர் தேவானந்தம் அவர்களே. வெள்ளம் வடிந்த தெருவில் முதல் விளக்கை ஏற்றிய முடிச்சூர் மூத்தோர்களே. ஞாயிற்றுக்கிழமை மாலையின் ஓய்வை இந்த மன்றத்துக்குக் கொடையாகக் கொடுத்த அன்னையர்களே. இவர் எப்போது முடிப்பார் என்று கைப்பேசியில் மணி பார்க்கும் பின்வரிசை இளைஞர்களே. உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

இதற்கு மேல் அடுக்குமொழி எனக்கு வராது. இந்த வரிகளையே மூன்று முறை எழுதினேன், இரண்டு முறை அடித்தேன். நாற்பது ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர் என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். நடத்தினேன், உண்மை. நடத்தியது எனக்குப் புரிந்திருந்ததா? அந்த ஐயத்தோடுதான் மேடை ஏறியிருக்கிறேன். கொஞ்சம் களைப்பாகவும் இருக்கிறது. பொறுத்தருளுங்கள்.

நிலா ஏன் விழவில்லை என்பது எனக்குத் தந்த தலைப்பு. நிலா விழவில்லை என்று யார் சொன்னது? விழுகிறது. இப்போதும் விழுகிறது. நான் பேசும்போதும் விழுகிறது, நீங்கள் கொட்டாவி விடும்போதும் விழுகிறது. மாடியிலிருந்து ஒரு கல்லை நழுவவிட்டால் நேரே கீழே விழும். வீசினால் சற்றுத் தள்ளி விழும். வேகமாக வீசினால் இன்னும் தள்ளி விழும். தடுக்கக் காற்றே இல்லாத உயரத்தில், போதிய வேகத்தில் வீசினால்? கல் கீழே இறங்க இறங்க, உருண்டையான பூமியும் அதே அளவு வளைந்து விலகும். கல் விழுந்துகொண்டே இருக்கும், தரையைத் தொடாது. அதற்குத்தான் சுற்றுப்பாதை என்று பெயர்.

முன்வரிசையில் ஓர் அம்மா “பாவம்” என்கிறார். ஆம் அம்மா, உட்கார நேரமில்லாத பிழைப்புதான்.

இன்னொரு கேள்வி. பூமியின் இழுப்பு திடீரென்று அற்றுப்போனால் நிலா எந்தப் பக்கம் போகும்? சொல்லுங்கள். “வெளிய தூக்கி அடிக்கும் சார்” என்கிறார் ஒரு தம்பி. எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் பூமிக்கு நேர் எதிரே அது பாயாது. அந்த நொடியில் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ, அதே திசையில் நேராகப் போகும். வட்டத்தை ஓரமாக உரசிச் செல்லும் கோடு. அவ்வளவுதான்.

சென்ற புதன்கிழமை, இந்தப் பேச்சுக்காக அட்டையில் ஒரு வட்டம் வரைந்தேன். நிலாவுக்கு ஒரு புள்ளி வைத்தேன். அதிலிருந்து உரசுகோட்டை இழுத்தேன். இழுத்த கை அப்படியே நின்றுவிட்டது. ஏன் நின்றது? ஓராண்டுக்கு முன் இதே மேசையில் இதே போன்ற வட்டத்தை வரைந்து, வேறொரு கோட்டை இழுத்தவன் நான்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன். போன பொங்கல் விழாவில் நம் பூங்காவில் தனக்கோடி என்பவர் குதிரை ராட்டினம் போட்டார். கையால் தள்ளிச் சுற்றும் ராட்டினம். எட்டு வயது சினேகா அதிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது. விசாரிக்கத் தலைவர், செயலாளர் கிரீஷ், நான் என்று மூவர் குழு அமைந்தது. நான் அளவுநாடாவோடு போனேன். ராட்டினத்தின் மையத்திலிருந்து விளிம்பு ஏழடி. குழந்தை விழுந்த இடம் பத்தடி. மையத்தையும் விழுந்த இடத்தையும் ஒரு கோட்டால் சேர்த்தேன். கோடு விளிம்பைக் கடந்த இடத்தில்தான் தனக்கோடி நின்று தள்ளிக்கொண்டிருந்தார். அவர் முரட்டுத்தனமாகத் தள்ளினார், குழந்தை வெளியே எறியப்பட்டாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று தனக்கோடி கத்தவில்லை. என்னைப் பார்த்து ஒன்றுதான் சொன்னார். “நான் வேகமா தள்ளல சார். நீங்க படிச்சவரு, கணக்கு போட்டுப் பாத்து இன்னா சொல்றீங்களோ ஒத்துக்கறேன்.”

நான் சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டார்.

அந்த அறிக்கை நம் வாட்ஸ்அப் குழுவிலிருந்து கூடுவாஞ்சேரி வரை எல்லா நகர்களுக்கும் போனது. பிறகு எந்த விழாவிலும் அவருக்கு இடமில்லை. இப்போது ஓர் அடுக்ககத்தில் காவலுக்கு நிற்கிறார். அவருக்கு நிரந்தரத் தடை விதிப்பது இன்றைய கூட்டத்தின் மூன்றாம் தீர்மானம்.

தலைவர் மெல்லச் சொல்கிறார்: “சார், அது முடிஞ்ச மேட்டர். நீங்க நிலாவைப் பத்திப் பேசுங்க.” நிலாவைப் பற்றித்தான் ஐயா பேசுகிறேன். நிலாவுக்கு ஒரு கோடு, சினேகாவுக்கு ஒரு கோடா? வானத்துக்கு ஒரு விதி, வாடகை ராட்டினத்துக்கு ஒரு விதியா?

ராட்டினத்திலிருந்து விழும் குழந்தையும் உரசுகோட்டில்தான் போவாள். அதனால் அந்தப் புதன்கிழமை, அவள் விழுந்த இடத்திலிருந்து உரசுகோட்டைப் பின்னோக்கி வரைந்தேன். அது தனக்கோடி நின்ற இடத்துக்குப் போகவில்லை. எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு முன்னால், விளக்குக் கம்பத்தின் பக்கம் விளிம்பைத் தொட்டது. ஓரடி முன்பின் இருக்கலாம். எனக்கு என் கணக்கில் நம்பிக்கை குறைவு, அதனால் வாட்ஸ்அப் குழுவில் கிடக்கும் விழாப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அந்தக் கம்பத்தில் நம் சங்கத்தின் வரவேற்புப் பதாகை. அதைக் கட்டியதுபோக மிஞ்சிய கயிறு, கண்ணி போல ராட்டினத்தின் பக்கம் காற்றில் ஆடுகிறது. இரட்டை முடிச்சுப் போடச் சொன்னவன் நான். மிச்சத்தை வெட்டச் சொல்ல மறந்தவனும் நான்.

அப்போதும் துணிவு வரவில்லை. சினேகாவின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா தேவதர்ஷினி பக்கத்தில் இருக்க, அன்று என்ன நடந்தது என்று கேட்டேன். அளவுநாடாவோடு போன மூன்று பெரிய மனிதர்களில் ஒருவராவது முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

“கயிறு கையில மாட்டி இழுத்துச்சு தாத்தா, பிடி விட்டுடுச்சு. நீங்க யாரும் என்னைக் கேக்கவேயில்லியே” என்றாள்.

அவையோரே! அறியாதவன் செய்தால் பிழை. அறிந்தவன் பாராமல் செய்தால் அதற்கு என்ன பெயர்? படித்தவன் கையெழுத்துக்கு எடை அதிகம் என்கிறார்கள். அந்த எடை யார் தலையில் விழுந்தது? குதிரைகளைச் சாக்குத் துணியால் மூடிவைத்துவிட்டு, ஓராண்டாக அடுத்தவர் வாசலில் நிற்கும் ஒருவர் தலையில் விழுந்தது. முழங்கால் வலியும் தூக்கமின்மையும் எனக்கு எப்போதும் உண்டு. இந்த நான்கு நாள் சோர்வு அவற்றைச் சேர்ந்ததன்று.

இதோ புதிய வரைபடத்தைத் தலைவரின் மேசையில் வைக்கிறேன். என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன். மூன்றாம் தீர்மானத்தைக் கைவிட வேண்டும். பழைய அறிக்கை போன நகர்களுக்கெல்லாம் என் பெயரிட்ட மறுப்பு போக வேண்டும். தவறு தனக்கோடியுடையதன்று, என்னுடையது என்று அதில் இருக்க வேண்டும். சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள். தவறு செய்தவனுக்கு உரிமையில்லாவிட்டாலும் முதல் கை என்னுடையது.

இல்லை, எனக்கு முன்பே ஒரு கை உயர்ந்திருக்கிறது. தேவதர்ஷினி அம்மா, உங்களை வணங்குகிறேன். இந்தக் கண்ணாடியில் பின்வரிசை தெரியவில்லை, தலைவரே எண்ணிச் சொல்லட்டும்.

மிதிவண்டிகளுக்குப் பக்கத்தில், காவலர் சீருடையோடு வெளியே நிற்கும் மதிப்பிற்குரிய தனக்கோடி அவர்களே, உங்களை வரச்சொன்னது நான்தான். உள்ளே வந்து என் நாற்காலியில் அமருங்கள். நான் இறங்குகிறேன்.

கேட்டவர்களுக்கு நன்றி. வணக்கம்.