அத்தையின் மூக்கு

எனக்குக் கருவாட்டுக் குழம்பு என்றால் உயிர். ஆனால் வாழ வந்த வீட்டில் அதைச் சமைக்க முடியாது. என் மாமியார் சுலோச்சனாவுக்கு அந்த வாடை ஆகாது. எங்கள் வடமாலபேட்டையில் தெருக்கோடியில் யாராவது கருவாடு வறுத்தால்கூட, அத்தை வாசலில் நின்று அவர்கள் பரம்பரையையே விசாரிப்பார். பால் அடிபிடிப்பதைக் கூடத்தில் இருந்தபடியே கண்டுபிடிப்பார். கையோடு என் அம்மா வீட்டையும் இழுப்பார்.

திட்டுவதில் அத்தைக்கு நிகர் கிடையாது. தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பார். திருப்பதி கங்கம்மா ஜாத்திரையில் வேஷம் போட்டவர்கள் எதிர்ப்படுகிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அம்மனுக்கு அது பிடிக்கும் என்று நாமும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வோம். அத்தை அப்படி வாங்கிக்கொண்டு வருகிறவர் இல்லை. அவர் பதிலுக்குத் திட்டுவதைக் கேட்கவே கூட்டம் கூடும். வேஷக்காரர்கள் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஊருக்கு வருஷத்தில் ஒரு வாரம்தான் ஜாத்திரை. எனக்கு வருஷம் முழுக்க.

ஒருநாள் பால் பொங்கித் தீய்ந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வேண்டுமென்றே பெருங்காயத்தைக் கருக்கிப் பார்த்தேன். அதற்கும் பேச்சில்லை. பிறகு துணிந்து கருவாடு வாங்கி, முள்ளெடுத்துக் குழம்பு வைத்தேன்.

"இன்னா கொழம்பு?"

"கத்திரிக்கா, அத்தே."

"நல்லாகீது" என்று இன்னொரு கரண்டி கேட்டார். அன்றைக்கு நான் சாப்பிட்ட சாப்பாட்டை நினைத்தால் இப்போதும் நாக்கில் நீர் ஊறுகிறது.

நான் திருப்பதியில் ஒரு நரம்பு மருத்துவரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். மறதி நோய்க்காரர்களின் வீட்டாரிடம் டாக்டர் கேட்பதெல்லாம் என் காதில் விழும். "மறதிக்கு முன்னாடியே வாசனை தெரியாமப் போச்சா? கோவக்காரங்க திடீர்னு சாதுவா ஆனாங்களா? பிடிச்ச விஷயத்துல ஆசை விட்டுப்போச்சா?" அதனால் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

அந்த வருஷ ஜாத்திரையில் ஒரு வேஷக்காரர் அத்தையைத் தேடி வந்து வம்புக்கு நின்றார். அத்தை அவரை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் திகைத்தது. "அம்மன் எங்க அத்தைக்கு சாந்தம் குடுத்துட்டா" என்றேன் நான். உடனே ஒரு பெண் அத்தையின் காலில் விழுந்தாள். அப்புறம் எங்கள் தெருப் பெண்களும் அவர் கையால் குங்குமம் வாங்க வர ஆரம்பித்தார்கள்.

என் கணவர் கிரண்குமார்தான் நம்பவில்லை. "அம்மா இப்டி கம்முனு கீறவ இல்ல சுமித்ரா. உங்க டாக்டராண்ட காட்டிகினு வந்துரலாம்."

"சாமி குடுத்ததுக்கு மாத்திரை போடுவாங்களா?" என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

இரண்டு வருஷம் வீடு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அப்புறம் ஒருநாள் அத்தை புத்தூர் பஸ் ஸ்டாண்டில், வீடு எங்கே என்று தெரியாமல் அழுதுகொண்டு நின்றார். "முன்னாடியே வந்திருந்தா கொஞ்ச காலம் தள்ளிப் போட்டிருக்கலாமே" என்று டாக்டர் வருத்தப்பட்டார். அந்தக் கொஞ்ச காலமும் யார் திட்டு வாங்குவது என்பதை அவர் யோசிக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அது கணவருக்கும் தெரியாது. அந்த ஜாத்திரை முடிந்த வாரம் அத்தையே என்னிடம் வந்தார். "எனக்கு என்னமோ ஆவுது சுமித்ரா. பயமாகீது. உங்க டாக்டராண்ட இட்டுகினு போறியா?" அவர் வாயால் என் பெயரைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல அத்தே. வயசானா அப்டித்தான்" என்றேன்.

"நீ சொன்னா சரி" என்று போய்ப் படுத்துக்கொண்டார்.

கல்யாணமான நாளிலிருந்து என்னை நம்பாத மாமியார் அன்றைக்குத்தான் நம்பினார். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.