சுவரோரத்துச் செடி

தோட்ட வேலையில் எனக்குப் பிடித்தது தண்ணீர் ஊற்றுவது. செடி எதிர்த்துப் பேசாது.

முப்பத்தொரு வருடம் தாவர ஆய்வகத்தில் காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி, கீழே பெயர் எழுதினேன் சார். ஓய்வு பெற்றதும் தங்கை வீட்டு மாடியறைக்கு வந்தேன். அவள் கணவர், அதாவது எங்கள் மாப்பிள்ளை, மின்விசிறி விற்பவர். காற்று வியாபாரிக்கு வாயிலும் காற்றுக்குக் குறைவில்லை. என் அறைக்கு அவர் வைத்த பெயர் ‘சருகு ஆபீஸ்’.

போன வருடம் கைபேசியில் எதையோ இறக்கிக்கொண்டார். செடியைப் படமெடுத்தால் அது பெயர் சொல்லுமாம். ஒரு ஞாயிறு முழுக்கத் தோட்டத்தில் குனிந்து குனிந்து படமெடுத்து, ஐஸ் குச்சிகளில் பெயர் எழுதி நட்டார். பதினெட்டுக் குச்சி. பதினொன்று தப்பு. தக்காளி நாற்று கத்தரியாகியிருந்தது. எதிர்வீட்டு டீச்சர் வந்து, “உங்களுக்கு எவ்வளவு விஷயம் தெரிஞ்சிருக்கு” என்று வியந்துவிட்டுப் போனார். கழுதைக்குக் கற்பூர வாசனையைக் கைபேசி கற்றுக்கொடுக்கிற காலம். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்துச் சுவரோரம் புதுச் செடிகள் தழைத்து நின்றன. வெளிர்பச்சை, மென்மையான இலை. கைபேசி அதைக் கீரை என்றது. மாப்பிள்ளை இந்தத் தடவை குச்சி நடவில்லை. ஒரு கிளையைக் கிள்ளிக்கொண்டு மாடியேறி வந்து, வாசலிலேயே நின்றார்.

“மச்சான், சாப்பிடற விஷயம். போனை நம்பப் பயமா இருக்கு. நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க.”

இலையைக் கசக்கி முகர்ந்தேன். அதெல்லாம் அவருக்காகச் செய்து காட்டியது.

“நல்ல கீரைதான் மாப்பிள்ளை. உங்க போன் சரியாத்தான் சொல்லியிருக்கு.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு லேசான மனிதரா என்று எனக்கு அருவருப்பாக இருந்தது.

மதியம் தங்கை அதை வதக்கி வைத்தாள். வயிறு சரியில்லை என்று நான் தட்டைத் தள்ளிவிட்டேன். அவளுக்கு எந்தக் கீரையும் இறங்காது. ஆனாலும், “அண்ணன் பார்த்துச் சொன்னதாச்சே” என்று இரண்டு கரண்டி போட்டுக்கொண்டாள். தடுத்திருக்கலாமே என்கிறீர்கள். தடுத்தால் மாப்பிள்ளையும் கையை எடுத்திருப்பார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவர் முதலில் போனார். தங்கைக்கு மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் மிச்சமிருந்த ஒரு தண்டைக் கொண்டுவந்து காட்டினார்.

“இது என்ன செடின்னு தெரிஞ்சா இவங்களையாவது காப்பாத்தப் பார்க்கலாம். உங்களுக்குத் தெரியுமா?”

“மாப்பிள்ளை போன்ல பாருங்க” என்றேன். இத்தனை படித்தவருக்கு ஒரு இலையைத் தெரியவில்லை.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். ஆய்வக உறையிலிருந்து அந்த விதைகளை எடுத்து வந்தது நான். சுவரோரம் தூவி, தினமும் தண்ணீர் ஊற்றியதும் நான்தான். அதன் சரியான பெயரையும் சொல்கிறேன், எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுங்கள்.

ஆனால் ஒன்று சார். அந்த வீட்டில் ஒருவராவது என்னை மதித்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் சொல்லியிருக்க மாட்டேனா?