பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒரு கோழி

எங்கள் தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும், தாய் குடிக்கும் முதல் சாறு என் கோழியில் வைத்ததாகத்தான் இருக்கும். பதினான்கு வருடமாக அப்படித்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, டாக்டரம்மா. இதில் தொடங்கினால்தான் மற்றது உங்களுக்குப் புரியும்.

என் பெயர் நபவிய்யா. உங்கள் வார்டில் என்னைப் பார்த்திருக்கிறீர்கள். இன்ஷிராஹ்வின் பக்கத்தில் கறுப்புத் துணி போர்த்தி நின்ற கிழவி நான்தான். என் கணவர் போன பிறகு வாய்க்கால் கரைக் கொட்டகை என் கைக்கு வந்தது. ஒரு தடவைக்கு நாலாயிரம் குஞ்சு. நாற்பது நாளில் வளர்ந்து வண்டி ஏறிவிடும். குஞ்சு இறங்கும் நாளிலிருந்து குடிதண்ணீரில் மருந்துப் பொடி கலப்பேன். கால்நடை மருந்துக் கடையில் பக்கெட்டாகவே கிடைக்கும், டாக்டர் சீட்டு யாரும் கேட்பதில்லை. விற்பதற்கு ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும் என்று பக்கெட்டின் மேல் எழுதியிருக்கும். கடைசி வாரத்தில்தான் கோழிகள் அதிகம் சாகும். அதனால் நான் நிறுத்தியதில்லை. நைல் தண்ணீர் பாயும் எங்கள் பக்கத்தில் நிறுத்துகிற ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

போன குளிர்காலத்தில் மருந்து குடித்துக்கொண்டே கோழிகள் செத்தன. அளவைக் கூட்டினேன். அப்போதும் செத்தன. ஐந்தைச் சாக்கில் போட்டு, டவுனில் இருக்கும் கால்நடை டாக்டர் வஹீபிடம் கொண்டுபோனேன். நல்ல மனிதர், கொஞ்சம் வாய்த்துடுக்கு. நாலாம் நாள் ஆய்வுக்கூடத்துக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"ஹாஜ்ஜா, நான் பொறந்ததுலேருந்து சாப்பிட்ட மாத்திரையெல்லாம் சேத்தாலும் உங்க கோழி சாப்பிட்டதுக்கு வராது. இதுல இருக்கிற கிருமி அந்த மருந்து அத்தனைக்கும் பழகிடுச்சு. நீங்க தண்ணியில கலக்குறீங்களே, அது ஆஸ்பத்திரியில வேற ஒண்ணும் கேக்காதப்போ மனுஷனுக்குக் கடைசியா எடுக்கிற மருந்து. அதையும் மதிக்கல. இதோ, இந்த ஒரு மருந்துதான் கேக்குது."

காகிதத்தின் கடைசி வரிக்குக் கீழே நீல மையால் கோடு போட்டுக் கொடுத்தார். அது கோழிக்குக் கொடுக்கும் மருந்து இல்லை என்றும் சொன்னார். இந்தக் கோழிக் கூட்டத்தில் ஒன்றும் வெளியே போகக்கூடாது, கையை சோப்புப் போட்டுத் தேய்க்காமல் யார் வீட்டுப் பிள்ளையையும் தொடக்கூடாது என்றார். நான் ஐந்து வேளையும் தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்கிறவள். என் கையைப் பற்றி ஒரு ஆண்பிள்ளை அப்படிப் பேசியது எனக்குச் சுருக்கென்று தைத்தது. காகிதத்தை மடித்து உள்பையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

வந்து இறங்கினால், இன்ஷிராஹ்வுக்கு ஆண் குழந்தை. ஏழு வருடம் காத்திருந்து பிறந்த பிள்ளை. அவள் எனக்கு எதிர்வீடு, தாய் இல்லாதவள், என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். அந்த வீட்டுக்கு மட்டும் எப்படிப் போகாமல் இருப்பது? கொட்டகைக்குள் போய், இருந்ததிலேயே துடிப்பான கோழியைப் பிடித்தேன். நோய் இருந்தால் அப்படி ஓடுமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதிலையும் நானே சொல்லிக்கொண்டேன்.

உயிரோடு கொண்டுபோய் அந்த வீட்டிலேயே அறுப்பதுதான் மரியாதை. பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்து, அவர்கள் வீட்டு அகன்ற அலுமினியப் பேசினில் வெந்நீர் ஊற்றி இறகு பிடுங்கினேன். குடலை எடுத்துக் கழுவினேன். இன்ஷிராஹ்வின் மாமியார் அடுப்படியிலிருந்து கேலி பேசினாள்.

"நபவிய்யா கோழி தின்னவளுக்குப் பால் மடை தொறந்த மாதிரி வரும். நம்ம வீட்டுக்கு இனி பால்காரன் எதுக்கு?"

எல்லாரும் சிரித்தோம். அந்தச் சமயம் பிள்ளை நனைத்துக்கொண்டு அழுதது. நீ இருடி என்று மருமகளைப் படுக்கவைத்துவிட்டு, நானே குளிப்பாட்டினேன். வீட்டில் இருந்தது அந்த ஒரு பேசின்தான். தண்ணீர் விட்டு இரண்டு முறை அலசினேன். சோப்பு சன்னல் விளிம்பில் இருந்தது. வஹீப் சொன்னது அப்போது நினைவுக்கு வரவில்லை என்று இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். வந்தது. எழுந்துபோய் அதை எடுத்தால், மாமியார் எதற்கு என்று கேட்பாளே என்று பட்டது.

நாலாம் நாள் பிள்ளை பால் குடிக்கவில்லை. ஏழாம் நாள் விழாவுக்குப் பொரித்து வைத்த கடலையெல்லாம் அப்படியே கிடக்க, உங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தோம். நீங்கள் முதல் நாள் ஒரு மருந்து ஏற்றினீர்கள். மறுநாள் காலையில் அதை மாற்றி, இதுதான் கடைசி ஆயுதம் என்று இன்னொன்று ஏற்றினீர்கள். நர்ஸ் வாயிலிருந்து அதன் பெயர் கேட்டது. என் பக்கெட்டில் எழுதியிருந்த அதே பெயர்.

பிறகு நீங்கள் எங்கள் பக்கம் திரும்பிக் கேட்டீர்கள்.

"வீட்டுல கோழி, மாடு ஏதாவது வளக்கிறீங்களா? யாராவது வளக்கிறவங்க பிள்ளையைத் தூக்கினாங்களா?"

இன்ஷிராஹ் இல்லை என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. என்னை அவள் கோழி வளர்க்கிறவளாக நினைத்ததே இல்லை. என் உள்பையில் அந்தக் காகிதம் இருந்தது. எந்த மருந்து கேட்கும் என்று நீலக் கோட்டோடு இருந்தது. என் கை பை வரைக்கும் போனது. ஆனால் அதை வெளியே எடுத்தால், அந்தப் பெண் முன்னால் நான் யாராகிவிடுவேன் என்று ஒரு கணம் யோசித்தேன். படித்தவர்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நீங்களும் கண்டுபிடித்தீர்கள். இரண்டு நாள் கழித்து உங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்தும் அந்த நீலக் கோட்டு மருந்தின் பெயரே வந்தது. அந்த மருந்தை ஏற்றியபோது பிள்ளையின் கால்கள் நீலம் பாரித்திருந்தன.

பிள்ளை போய்விட்டது. ஜனாஸா தொழுது அடக்குவதற்கு முன் அவனைக் குளிப்பாட்ட இன்ஷிராஹ் என்னைத்தான் கூப்பிட்டாள். "அன்னிக்கு நீங்கதானே அத்தை குளிப்பாட்டினீங்க, அவனுக்கு உங்க கை தெரியும்" என்றாள். நான் குளிப்பாட்டினேன். அன்று சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

அதற்குப் பிறகு நான் தொழுதது எல்லாம் தொழுகைதானா என்று தெரியவில்லை. பெருநாள் காலையில் அவள் பிள்ளையை அடக்கிய மையவாடிக்குப் போய்விட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள். இறந்தவர் பெயரால் கொடுக்கும் ரொட்டி கொண்டுவந்திருந்தாள். அதில் முதல் ரொட்டியை என் கையில் வைத்தாள். அவனை அவ்வளவு நேசித்தவர் நீங்கள்தான் என்றாள். அந்த ரொட்டியை என்னால் தின்ன முடியவில்லை, தூக்கிப்போடவும் முடியவில்லை. அதனால்தான் இன்று பஸ் ஏறி உங்களிடம் வந்தேன். காகிதம் இதோ. கோழி கொண்டுபோன மற்ற வீடுகளின் பெயர்களையும் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையைக் கொன்றது நான். முதலில் கையால், பிறகு வாயைத் திறக்காமல். இதை இன்ஷிராஹ்விடம் மட்டும் சொல்லாதீர்கள்.

அவளுக்கு இப்போது மறுபடியும் மூன்று மாதம். அவளுக்கென்று ஆறு கோழிகளை மாடியில் தனியாக வளர்க்கிறேன். மருந்தை அவற்றின் கண்ணில்கூடக் காட்டுவதில்லை. கொட்டகையில் வழக்கம்போல் மருந்துத் தண்ணீர் குடிக்கும் நாலாயிரமும் வியாழக்கிழமை வண்டியில் போகும். அவை யார் வீட்டுக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கு இனி ஒருநாளும் அப்படிச் செய்யமாட்டேன், டாக்டரம்மா.