தரைத்தொட்டியில் ஓர் ஆய்வு

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. கேட்டதும் கொண்டுவந்து கொடுத்தீர்களே, ஓர் அரசு அலுவலகத்தில் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை. அதற்காகவே எதையும் மறைக்காமல் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் சார்.

எங்கள் தெரு நலச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். தெருமுனையில் பூமிக்குள் ஒரு பெரிய குடிநீர்த் தொட்டி இருக்கிறது. ரிப்பன் வெட்டித் திறந்ததோடு சரி, ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை. புகார் கொடுக்கப் போனால், "உங்க தொட்டி தினமும் நிறையுதுன்னு என் ரிப்போர்ட்லயே இருக்கே" என்பார் குடிநீர்ப் பொறியாளர். நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். ஆனால் மனிதர் கோபமே படமாட்டார். "நாளைக்கு வாங்க சார்" என்று அவ்வளவு இதமாகச் சொல்வார். எனக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது.

போன வாரம் ஒருவழியாக ஆய்வுக்கு வந்தார். ஈரம் பட்டுவிடும் என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டு, ஏணியில் இறங்கினார். காய்ந்து வெடித்த சிமெண்டின் மேல் நின்றுகொண்டு, "நிறைஞ்சுதான் இருக்கு, எழுதிக்கலாம்" என்றார். நான் ஏணியை மேலே இழுத்துக்கொண்டேன்.

முதலில் சிரித்தார். பிறகு ஏணி கேட்டார். புகாராகக் கொடுக்கச் சொன்னேன், வாய்மொழியாகக் கொடுத்தார், மரியாதையோடு வாங்கிக்கொண்டேன். ஏணி இறக்குவது துணைச் செயலாளரின் பொறுப்பு. அவர் மச்சினன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். என்னால் ஆனது, நாளைக்குக் கேட்கச் சொன்னதுதான்.

தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்துத் தங்கள் குறைகளைச் சொன்னார்கள். ஓர் அதிகாரி பாதியில் எழுந்து போகாமல் முழுசாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு மனசே நிறைந்துபோயிற்று.

மறுநாள் பொறியாளருக்குக் குரல் கம்மிவிட்டது. "சார், குடிக்கவாவது தண்ணி குடுங்க."

"தொட்டியிலதான் இருக்கே சார்" என்றேன். அவரைப் பொய்யராக்க எனக்கு மனசு வரவில்லை.

அவர் மனைவி தேடிக்கொண்டு வந்தார். "என் வீட்டுக்காரர் இங்க வந்தாராங்க?"

"ஆய்வுல இருக்கார்மா. எதுக்கும் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேளுங்க."

நான் சொன்னதில் பொய்யே இல்லை. அந்த அம்மாள் போய்க் கேட்டதும் அலுவலகம் ஆடிப்போய்விட்டது. பொறியாளர் இன்னும் எங்கள் தெருவை ஆய்வு செய்கிறாராம், தொட்டியோ காலி. யார் வேலை போகுமோ என்று அடித்துப் பிடித்துக்கொண்டு வால்வைத் திறந்துவிட்டார்கள்.

"வந்துருச்சு சார், தண்ணி வந்துருச்சு" என்று உள்ளேயிருந்து அவர்தான் முதலில் சொன்னார். குரலில் அத்தனை சந்தோஷம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இடுப்பளவு ஏறியதும் மறுபடி ஏணி கேட்டார். ஏணி என் கையில்தான் இருந்தது. ஆனால் குடிநீர் ஏறும்போது மூடி திறந்திருக்கக் கூடாது என்பது அவருடைய அலுவலகமே போட்ட விதி. நான் மூடினேன், பூட்டினேன். தண்ணீர் மூடிவரை ஏறியதும் கொஞ்ச நேரம் தட்டினார். அதையும் புகாராக ஏற்றுக்கொண்டேன்.

கொன்றவன் நான்தான், தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு எல்லா வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வந்தது. நீங்கள் வந்து பூட்டை உடைக்கும்வரை தெருவே அதைத்தான் குடித்தது, நானும் குடித்தேன். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை, அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.